மனையை விற்று மகனை டென்னிஸுக்கு அனுப்பலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் எங்களுக்குக் கைலி வியாபாரம். 23 வயது மகன் டென்னிஸில் ஒற்றையரை விட்டுவிட்டான். பெங்களூருப் பையன் ஒருவனோடு சேர்ந்து இனி இரட்டையர் மட்டுமே ஆடப்போகிறானாம். இரண்டு வருடம் வெளிநாடுகளில் ஆட 30 லட்சம் கேட்கிறான். காட்பாடிப் பக்கம் உள்ள மனையை விற்கலாம் என்கிறார் கணவர். 45 லட்சம் போகும். என் 40 பவுன் நகையை அடகு வைக்கலாம் என்பது என் யோசனை. மகள் திருமணம் வேறு இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, நகையைத் தொடாதீர்கள். நகைக்கடன் வட்டி மாதம் தவறாமல் ஏறும். உங்கள் மகனுக்கு வருமானம் அப்படி வராது.

தொழில்முறை டென்னிஸின் அடிமட்டப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதில் பெரும்பங்கு ஒற்றையருக்குப் போய்விடும். இரட்டையரில் கோப்பையே வென்றாலும் ஜோடிக்கு ஆயிரம் டாலர் தேறாது. அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் முழுக்க ஜெயித்தவர் கைக்கு வருவது ஏறக்குறைய 40,000 ரூபாய். விமான டிக்கெட்டை யாரும் பாதி விலைக்குத் தருவதில்லை.

உச்சியிலும் இதே கதைதான். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் நம் ரோகன் போபண்ணாவும் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனும் இரட்டையர் பட்டம் வென்றபோது ஜோடிக்குக் கிடைத்தது 7,30,000 ஆஸ்திரேலிய டாலர். ஒற்றையர் சாம்பியனுக்கு 31,50,000. முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறிய ஒற்றையர் ஆட்டக்காரருக்கே 1,20,000!

ஆனால் போபண்ணாவுக்கு அப்போது வயது 43. ஓடிக் காக்க வேண்டியது பாதிக் களம்தான் என்பதால் இரட்டையரில் உடம்பு நெடுநாள் தாங்கும். அதனால் உங்கள் மகனின் கணக்கை அசட்டுத்தனம் என்று தள்ளமாட்டேன். எனக்குக் கவலை அந்தக் கூட்டாளி பற்றித்தான்.

இருவரின் தரவரிசையையும் கூட்டிப் பார்த்துத்தான் ஒரு ஜோடியைப் போட்டியில் சேர்ப்பார்கள். நல்ல தரவரிசையுள்ள கூட்டாளி பாதியில் வேறு ஆளோடு போய்விட்டால், நேற்று வரை திறந்திருந்த கதவு இன்று சாத்திக்கொள்ளும். கணுக்கால் பிசகி ஆடாமல் இருந்தாலும் அப்படித்தான்: தரவரிசைக்காக ஒரு போட்டியில் எடுத்த புள்ளிகள் 52 வாரங்களில் கழிந்துவிடும். போதாக்குறைக்கு, கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகள் தவிர்த்த இரட்டையர் சுற்றுப் போட்டிகளில் 40-40 எனச் சமன் ஆனால், இரண்டு புள்ளி முன்னிலைக்குக் காத்திராமல் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிகிறது. ஆளுக்கொரு செட் எடுத்துவிட்டால், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளிக்கு ஆடும் குறுகிய டைபிரேக். நன்றாக ஆடியும் தோற்கும் வாரங்கள் நிறைய வரும்.

ஆகவே மனையை விற்கலாம், 30 லட்சத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. வாங்கி இரண்டு ஆண்டுகள் தாண்டியிருந்தால் விற்ற லாபத்தின் மேல் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனையானால், விலைவாசிக் குறியீட்டுச் சலுகையோடு, அதாவது வாங்கிய விலையை விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்பக் கூட்டிக் கணக்கிட்டு, 20% கட்டும் வழியும் உண்டு. ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வரி போக மிஞ்சுவதில் முதலில் மகளின் பங்கை எடுத்து அவள் பெயரிலேயே வைப்பில் போடுங்கள். மகனுக்கு மொத்தம் 15 லட்சம், அதையும் ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாகப் பிரித்து. தரவரிசை ஏறினால் அடுத்த தவணை. ஏறாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பேச்சு. வட்டிக்கு வெளியில் வாங்கி ஈடுகட்டும் வேலையே கூடாது.

வரியில் ஒரு சங்கதி. வெளிநாட்டுப் பரிசுப் பணத்தில் அங்கேயே பிடித்துவிடுவார்கள், அமெரிக்காவில் 30%. அதற்கான சான்றை வாங்கி வைத்தால் இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். பயணம், பயிற்சியாளர், ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் கட்டிய கூலி எல்லாம் தொழில் செலவுதான், ரசீது இருந்தால். ஆட்டக்காரர்கள் ரசீதுகளை ஷூ டப்பாவில் திணித்துக் கொண்டுவருவார்கள்; பிரித்துப் பார்த்தால் பாதிச் சீட்டு எழுத்தழிந்து வெள்ளைத்தாளாக இருக்கும். வாங்கிய அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தரகரிடம் பேசுமுன் அந்தப் பெங்களூருப் பையனைக் காட்பாடிக்கு ரயிலேறி வரச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பாடு போட்டுவிட்டுக் கேளுங்கள்: இந்த வருடம் எத்தனை வாரம் சேர்ந்து ஆடப்போகிறீர்கள், கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் மற்றவரின் டிக்கெட் காசு யார் பொறுப்பு? கைலிக் கொள்முதலில் கூட்டுச் சேர வருபவரிடம் உங்கள் கணவர் என்னென்ன கேட்பாரோ, அத்தனையும் கேட்கலாம்.