எச்.பி.வி. வைரஸும் புற்றுநோயும்: வாசகர் கேள்விகள்

தரம் 6 படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. ஊசி போடப் போகிறார்கள். சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. இந்த வயதில் இது எதற்கு என்று மாமி கேட்கிறார்.
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மாமி கேட்பது நியாயமான கேள்விதான். எச்.பி.வி. என்பது ஹியூமன் பப்பிலோமா வைரஸ், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமாவது. உடலுறவு வழியாகத் தொற்றும் வைரஸ் என்றதும் பெரியவர்களுக்கு மனம் கூசுகிறது. ஆனால் இந்த ஊசி, உள்ளே வந்துவிட்ட வைரஸை விரட்டாது. வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். சின்ன வயதில் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உருவாகும். ருபெல்லா ஊசியும் என்றோ வரப்போகும் கர்ப்பத்தில் சிசுவைக் காக்க நினைத்துப் போடுவதுதானே, அதை மாமிக்குச் சொல்லிப் பாருங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம். இரண்டையும் இந்த ஊசி தடுக்கிறது. இலங்கையில் 2017 முதல் மாணவிகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும் என்பது வெறும் வதந்தி. கை கொஞ்சம் வலிக்கும், சிலருக்குத் தலை சுற்றும். அன்றைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள்.

வயது 36. கிளினிக்கில் எச்.பி.வி. பொசிட்டிவ் என்றார்கள். எனக்குப் புற்றுநோயா? இனி இவரை எப்படி நம்புவது?
- வெள்ளவத்தை வாசகி

முதலில் அழுகையை நிறுத்துங்கள் அம்மா. வைரஸ் இருக்கிறது என்பதுதான் அந்த ரிப்போர்ட் சொல்லும் செய்தி, புற்றுநோய் என்று அது சொல்லவில்லை. மணவாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானோருக்கு இது எப்போதாவது தொற்றும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் சிக்கல். நம் உயிரணுக்களில் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதைத் தடுக்கும் காவல் புரதங்கள் உண்டு. இந்த வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள் அவற்றை முடக்கிவிடுகின்றன. அப்படியும் புற்றுநோயாக மாற பொதுவாக 15, 20 வருடம் எடுக்கும். நோயை முளையிலேயே பிடிக்க அவ்வளவு அவகாசம் இருக்கிறது.

அடுத்து கொல்போஸ்கொப்பிக்கு அனுப்பக்கூடும். வினாகிரியில் இருக்கிற அதே அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் மெதுவாகத் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் அகற்றினால் போதும், பெரும்பாலும் கருப்பையை எடுக்க வேண்டி வராது.

உங்கள் கணவர் விஷயம். இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ரிப்போர்ட்டை நான்காக மடித்துக் கைப்பையில் ஒளித்து வைத்து, வெட்கத்தில் மறுபடி கிளினிக் பக்கமே வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். இன்றைக்கும் மனதை அறுக்கும் விஷயம் அது. நீங்கள் தவணை தவறாமல் போங்கள்.

கையில் மரு இருக்கிறது. அதுவும் இந்த வைரஸ்தானாமே, புற்றுநோய் வருமா?
- தெஹிவளை வாசகர்

வராது. இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, கைமரு உண்டாக்குபவை வேறு வகை. ஆனால் ஆண்களுக்குத் தொடர்பே இல்லை என்று நினைக்காதீர்கள். தொண்டை, ஆண்குறி, மலவாய்ப் புற்றுநோய்களிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஊசி போட்டவர்களுக்கும் பெப் பரிசோதனை தேவையா?

தேவை. கருப்பைக் கழுத்தின் உயிரணுக்களை எடுத்து, மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பெப் பரிசோதனை. ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. 35 வயதாகிவிட்டால் உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். நாளை மிட்வைஃபிடம் கேளுங்கள். மாதிரி எடுக்கச் சில நிமிடம்தான்.

அம்மாவுக்கு 60 வயது. மாதவிடாய் நின்று பல வருடம், இப்போது இடைக்கிடை இரத்தம் படுகிறது. டொக்டரிடம் வர வெட்கப்படுகிறார்.
- மட்டக்குளி வாசகி

இந்த வாரமே கூட்டிப் போங்கள். சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. முன்பு எடுத்த பெப் ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் சரி, காத்திருக்க வேண்டாம். பெண் டொக்டர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பரிசோதிக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.