தாத்தா பெயரின் மேல் கறுப்பு மை

அன்புள்ள ஐயா,

பழைய துப்பாக்கிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இப்போது அப்பா பெயரில். இரண்டு குழல்களுக்கும் நடுவே உள்ள பட்டையில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கிறது. பழனி மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், சுதந்திரம் வந்து கப்பலேறும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா என்று பார்க்க ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டேன். மூன்று வாரம் முன்பு பதில் வந்தது, 1952ஆம் ஆண்டுப் பதிவேட்டின் இரண்டு பக்கங்கள். துப்பாக்கி எண் இருக்கிறது, குழல் அளவு இருக்கிறது. யாரிடமிருந்து வாங்கியது என்ற கட்டத்தில் கறுப்பு மை. தாத்தா பெயரின் மேலும் கறுப்பு மை. 8(1)(ஜே) பிரிவின்படி தனிநபர் தகவலாம். என் தாத்தாவை என்னிடமிருந்தே மறைப்பார்களா? இனி என்ன செய்வது?

ஆர்., திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள ஆர்.,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பதில் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை, இதைத் தவற விடாதீர்கள்.

அவர்கள் காட்டிய 8(1)(ஜே)க்குச் சற்றுக் கீழே 8(3) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. விண்ணப்பித்த தேதிக்கு 20 வருடம் முன்பு நடந்தவை பற்றிய தகவலைக் கொடுத்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. விதிவிலக்கு மூன்றுதான்: நாட்டின் பாதுகாப்பு போன்றவை, நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை மீறல், அமைச்சரவை ஆவணங்கள். தனிநபர் தகவல் அந்த மூன்றில் இல்லை. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் (ஜே) பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் 20 வருட விதியை அது தொடவில்லை. நீங்கள் கேட்டதோ 1952ஆம் ஆண்டுப் பதிவு. மேல்முறையீட்டில் 8(3)ஐ முதல் வரியிலேயே எழுதுங்கள். அசல் பதிவேட்டை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் கேளுங்கள், அந்த உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். கட்டாயமில்லை, ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் தயக்கம் குறையும்.

அந்தத் தயக்கத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். இன்று யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் வெளியே போனால் ஆபத்துதான். உயிரோடு இருப்பவரின் முகவரியை மறைக்கட்டும். செத்து அரை நூற்றாண்டு ஆனவரின் பெயரை மறைத்து யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எனக்கும் இப்படி ஒரு தாள் வந்தது, அம்மாவின் அப்பா வைத்திருந்த துப்பாக்கிக்கு. நகல் எடுத்து, மார்க்கரால் அடித்து, அதை மறுபடி நகல் எடுத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிய ஒரு எழுத்தின் சுழி மட்டும் மைக்கு வெளியே நின்றது. 'ழ'வா 'ஞ'வா என்று பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமீன் கொடுத்த துப்பாக்கி என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. மேல்முறையீட்டுக்குப் பிறகு முழுப் பக்கம் கிடைத்தது. கொடுத்தவர் ஒரு பெண். காலமான வனத்துறை ரேஞ்சரின் மனைவி என்று பச்சை மையில் எழுதியிருந்தார்கள். அவர் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இப்போது துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்.

சரி, உங்கள் துப்பாக்கிக்கு வருவோம். திண்டுக்கல் 1985இல்தான் தனி மாவட்டமானது. 1952இல் உங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. உங்களுக்கு வந்த பக்கம் அசலா, மாவட்டம் பிரிந்தபோது பெயர்த்து எழுதியதா என்று கேளுங்கள். மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கும் தனியாக ஒரு மனு போடுங்கள். வீட்டில் பழைய பெட்டிகளையும் கிளறுங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது வழக்கமல்லவா, அந்த ரசீதுகளிலும் பழைய லைசென்ஸ் புத்தகத்திலும் யாரும் மை பூசியிருக்க மாட்டார்கள்.

பட்டையில் இருப்பது செய்தவர் பெயராக இருக்காது. மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் நகையும் விற்ற அதே பி. ஆர் கடைதான். இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றார்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்கட்டையை (குழல்களுக்கு அடியில் இருக்கும் மரத்துண்டு) கழற்றிக் குழல்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடத்தின் கீழ் குறுக்காக இரண்டு செங்கோல், இடுக்கில் B, P, C என்ற எழுத்துகள் இருந்தால் அது குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை, 1813 முதல் 1904 வரை உள்ளது. பக்கத்தில் 'நாட் ஃபார் பால்' என்றும் இருந்தால் காலம் இன்னும் சுருங்கிவிடும், 1875 முதல் 1887க்குள். அதாவது குண்டு போடாதே, சிதறு ரவை மட்டும் போடு என்று அர்த்தம். அந்தக் காலக் குழல் கரிமருந்துக்குச் சோதித்தது. இன்றைய தோட்டாவை அதில் தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள். இவ்வளவு பழையது, லைசென்ஸ் எதற்கு என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். பழுது பார்த்தாலும் சுடாது என்ற நிலையில் இருந்தால்தான் சட்டம் விலக்குத் தருகிறது.

'நாட் ஃபார் பால்' இருந்தால், தோட்டக்காரர் கப்பலேறியபோதே துப்பாக்கிக்குக் குறைந்தது அறுபது வயது. அவருக்கு முன்பு இன்னும் இரண்டு மூன்று பேர் கையில் இருந்திருக்கும். அவர்கள் 1920க்கு முந்தைய வெள்ளைக்காரர்கள் என்றால் லைசென்ஸ் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியருக்கு லைசென்ஸே தேவைப்படவில்லை. 1920 வாக்கில்தான் அந்தச் சலுகையை எடுத்தார்கள். நம் ஆட்கள் நாட்டுத் துப்பாக்கிக்குக்கூட மனு எழுதிக் காத்திருந்த காலம் அது. ஆகவே அந்தத் துப்பாக்கியைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த பெயர்களே ஒன்றோ இரண்டோதான். அதனால்தான் அந்த மையைப் பார்த்தால் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

மேல்முறையீட்டின் வரைவை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். முத்திரைகளை வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் படம் எடுங்கள், நேராக ஃப்ளாஷ் அடித்தால் எழுத்து தெரியாது.