இசை வகுப்பு: கேள்வி – பதில்

பள்ளிக் கச்சேரிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. 30 பிள்ளைகள், எட்டுப் பாட்டு. தினமும் முழுசாகப் பாடிப் பார்த்தும் அதே இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒத்திகை நேரத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள், பாட்டைக் குறையுங்கள். ஐந்து போதும். தினமும் முழுசாகப் பாடினால் தப்பும் சேர்ந்தே மனப்பாடமாகிவிடும்.

பெரும்பாலும் தடுமாற்றம் வரிக்கு நடுவில் வருவதில்லை; ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இணைப்பில்தான் வரும். முந்தைய வரியின் கடைசி இரண்டு சொல், அடுத்த வரியின் முதல் இரண்டு சொல், இந்த நாலை மட்டும் பாடச் சொல்லுங்கள். பாட்டின் வேகம் மெட்ரோனோமில் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தட்டிக்காட்டும் கருவி) 96 என்றால் 60-இல் தொடங்குங்கள். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் 4 கூட்டுங்கள், பிசகினால் 4 இறக்குங்கள். அன்றைக்கு 76-ஓடு நின்றாலும் பாதகமில்லை.

புதுப்பாட்டைக் கடைசிச் சரணத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள். முதலிலிருந்து தொடங்கினால் முதல் வரியை நூறு தடவை பாடியிருப்பார்கள். கடைசி வரிக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். மேடையில் முடிவு சொதப்புவது அதனால்தான்.

ஒத்திகை 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் அவர்களுக்கு நன்றாக வரும் பாட்டு. முணுமுணுத்துக்கொண்டே வெளியே போகட்டும். நான்காம் வார முடிவில் பாட்டுத் தாளைக் கீழே வைத்துவிட வேண்டும். முழு ஒத்திகை இரண்டே முறை: ஐந்தாம் வாரம் ஒன்று, முந்தின நாள் ஒன்று. கடைசி வாரத்தில் புதிதாக எதையும் திருத்தாதீர்கள். திருத்திய இடத்தில்தான் மேடையில் பாதிப்பேர் பழைய மாதிரியும் பாதிப்பேர் புது மாதிரியும் பாடுவார்கள்.

வகுப்பில் சரியாகப் பாடுகிறவர்கள் மேடையில் வேகமெடுத்து ஓடுகிறார்களே?

படபடப்பில் நெஞ்சு வேகமாக அடிக்கும்போது சரியான வேகமே இழுவையாகத் தோன்றும். ஒத்திகையில் நின்ற இடத்திலேயே 30 விநாடி குதிக்கவிட்டு, மூச்சு வாங்கும்போதே பாட்டைத் தொடங்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீங்களும் பாட்டைத் தொடங்க ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கை கொடுப்பதற்கு முன் பாட்டின் மிக வேகமான வரியை மனசுக்குள் ஒருமுறை பாடிக்கொள்ளுங்கள். பாதி ஓட்டத்துக்குக் காரணம் ஆசிரியர் தரும் எண்ணிக்கைதான்.

தப்பு நேர்ந்தால் நிறுத்தக்கூடாது, பக்கத்தில் திரும்பிப் பார்க்கக்கூடாது, அடுத்த வரியின் தொடக்கத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். இதைச் சொன்னால் மட்டும் போதாது. ஒத்திகையில் நாலு பேரிடம் ரகசியமாகச் சொல்லி நடுவில் நிறுத்த வையுங்கள். மற்றவர்கள் தொடர்ந்து பாடிப் பழகட்டும்.

13 வயதுப் பையனுக்குக் குரல் உடைகிறது. வாயை மட்டும் அசைக்கச் சொல்லலாமா?

கூடவே கூடாது. அவனுக்குச் சிரமமில்லாமல் எட்டும் நாலைந்து ஸ்வரத்துக்குள் கீழ்க்குரல் வரி ஒன்று எழுதிக்கொடுங்கள். உச்சஸ்தாயி வரும் இடத்தில் தாளம் போடட்டும்.

அறையில் சேர்த்த சுருதி மேடையில் கலைகிறது.

சூடுதான் காரணம். விளக்குச் சூட்டில் வயலின், கிட்டார் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். புல்லாங்குழல் சூடேறினால் ஏறும். கருவிகளை அரை மணி நேரம் முன்பே மேடைக்குக் கொண்டுபோய், விளக்குகளைப் போட்டுவிட்டு அங்கேயே சுருதி சேருங்கள்.