நாடகக் கையேடு செய்யும் மகள்: திருகோணமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் மகள் உயர்தரத்துக்குச் சித்திரமும் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். பள்ளி நாடகங்களுக்கு, பார்க்க வருவோர் கையில் கொடுக்கும் நிகழ்ச்சிக் கையேடு செய்து கொடுப்பதிலேயே அவள் பொழுது போகிறது. இதை நம்பிப் பிழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். நாடகக் கையேடு மட்டும் செய்து திருகோணமலையில் சீவிக்க முடியாது. ஆனால் அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு அச்சு வேலை கிடைக்கும். திருவிழா மலர், பள்ளி மலர், கல்யாண அழைப்பிதழ், 31ஆம் நாள் நினைவு மலர் எல்லாம் அதே கைவேலைதான்.

அவள் என்ன பழகுகிறாள் என்று பாருங்கள். ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் பக்கங்கள் 4, 8, 12 என்றுதான் வரும். பத்துப் பக்க விடயம் இருந்தால் இரண்டைக் குறைக்க வேண்டும், அல்லது விளம்பரம் பிடித்து 12 ஆக்க வேண்டும். நிறம் தாளின் விளிம்புவரை போவதென்றால் வெட்டுக்காக 3 மில்லிமீற்றர் கூட விட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் அச்சில் மங்கிப்போகும். மண்டபத்தின் அரை வெளிச்சத்தில் வாசிக்கும் தாள் என்பதால் கறுப்பில் பொடி வெள்ளை எழுத்தும் மினுங்கும் தாளும் சரிவராது.

எல்லாவற்றையும் விடத் தமிழ் எழுத்துத்தான் பெரிய பாடம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். யூனிகோட் எழுத்தும் மென்பொருளின் அமைப்புப் பிழைத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் போய்விடும். இதைத் திருத்தத் தெரிந்தவர் கையில் வேலை தங்கும். அத்தோடு பெயர்கள். ஒப்பனை செய்தவரும் ஒளியமைத்தவரும் மேடையில் தெரிவதில்லை. அவர்கள் பெயர் நிற்கும் இடம் அந்தக் கையேடுதான். அதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மனம் நோகும். அச்சுக்குப் போகுமுன் நெறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்து வரும். அந்தப் பகுதிகளை அந்தந்த மொழி தெரிந்தவர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

படிப்புக்கு மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் கட்புலக் கலைப் பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலில் பாருங்கள். பல்கலைக்கழகம் போவதற்கான வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் கிராபிக் டிசைனில் என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் நல்ல வழிதான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

செய்த கையேடு ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள். பள்ளிக்குச் சும்மா செய்யட்டும், வெளிக்குழுக்களிடம் சிறு தொகையாவது வாங்கட்டும். அப்புறம், பரீட்சை முடிந்ததும் அச்சகம் ஒன்றில் ஒரு மாதம் நிற்க விடுங்கள். பெண்பிள்ளை என்று தயக்கமாக இருந்தால் முதல் நாள் நீங்களும் கூடப் போய், வரும் நேரம் போகும் நேரத்தைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.