மகளுக்கு முதல் ட்ரம்பெட்: புதியது 6,500, பழையது 18,000

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. எங்கள் ஆலயத்து பேண்டு குழுவில் சேர்ந்து ட்ரம்பெட் கற்க ஆசைப்படுகிறாள். வாரம் ஒருநாள் சொல்லித்தர மாஸ்டர் ஒப்புக்கொண்டார். வாத்தியத்தை நாங்கள்தான் வாங்க வேண்டும். இணையத்தில் பெட்டி, கையுறை, எண்ணெய் எல்லாம் சேர்த்துப் புதிய ட்ரம்பெட் 6,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பத்து வருடப் பழைய யமஹாவை 18,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பழையதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு விலையா? நாலு மாதத்தில் அவளுக்கு அலுத்துப்போனால் என்ன செய்வது?
வாசகி, நாகர்கோவில்

பதில்: பழையதையே வாங்குங்கள். ஆனால், மாஸ்டரைக் கூட அழைத்துச் சென்று, கீழே சொல்லும் சோதனைகளை முடித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

நாகசுரத்தில் சீவாளி துடிக்கிறது, குழல் பேசுகிறது. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. ஊதுகிறவரின் உதடுதான் சீவாளி. கற்றுக்கொள்பவர் முதலில் ஊதும் ஸி, ஜி சுரங்கள் இரண்டுக்குமே, விரல் படும் மூன்று வால்வுகளில் எதையும் அழுத்த வேண்டியதில்லை. உதட்டின் இறுக்கமும் காற்றின் வேகமும் மாறினால்தான் ஒன்று மற்றொன்றாகும். முதல் மூன்று மாதப் பாடம் முழுக்க இந்த வித்தையைப் பழகுவதுதான். அப்போது காற்று கசியும் வாத்தியத்தைக் கையில் கொடுத்தால், சுரம் பிசகுவது தன் உதட்டாலா, வாத்தியத்தாலா என்று உங்கள் மகளுக்குத் தெரியாது. பிள்ளைகள் பழியைத் தங்கள்மீதே போட்டுக்கொள்வார்கள். நீங்கள் பயப்படும் அந்த அலுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

மிக மலிவான ட்ரம்பெட்டுகளில் செலவைக் குறைப்பது வால்வில்தான். வால்வு தன் உறைக்குள் மயிரிழை இடைவெளியில் ஏறி இறங்க வேண்டும். அந்தப் பொருத்தம் தவறினால் ஒன்று சிக்கும், இல்லையென்றால் கசியும். பழுது பார்ப்பவர்களும் அவற்றைத் தொடத் தயங்குவார்கள்; உதிரிபாகம் கிடைக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. மூன்று வால்வுகளையும் மெதுவாக, சற்றே பக்கவாட்டில் அழுத்தி விடுங்கள். தயங்காமல் மேலே வர வேண்டும். பிறகு முதல் வால்வின் ஸ்லைடை (இழுத்துத் தள்ளக்கூடிய வளைகுழாய்), வால்வை அழுத்தாமல், இரண்டு விரற்கடை வெளியே இழுத்துச் சில நொடிகள் பொறுத்து வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் வால்வு தேய்ந்திருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போவதன் அடையாளம் அது. மணிபோல் விரிந்த முன்பகுதியில் சின்ன நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. அதே நசுங்கல் வால்வு உறையில் இருந்தால் வேண்டாம். மூன்றாம் ஸ்லைடு விரலால் தள்ளும்போதே நகர வேண்டும். கீழ் டி சுரம் இயல்பாகவே சற்று ஏறி ஒலிக்கும், அதைச் சரிசெய்வது அந்த ஸ்லைடுதான்.

மவுத்பீஸ் சிக்கியிருந்தால் குறடு போட்டுத் திருக விடாதீர்கள். அதைக் கழற்றுவதற்கென்றே கருவி உண்டு.

உங்கள் இரண்டாவது பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நன்றாக வைத்திருந்தால் அந்தப் பழைய யமஹாவை அடுத்த வருடமும் கிட்டத்தட்ட இதே விலைக்கு விற்றுவிடலாம். 6,500 ரூபாய் ட்ரம்பெட்டை வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

மீரட் நகரத்து ஜலி கோத்திப் பகுதி, திருமண பேண்டுகளுக்கான பித்தளை வாத்தியங்களுக்குப் பெயர்போனது. அங்கிருந்து வருவதை யாராவது சொன்னால் ஒதுக்க வேண்டாம். மாஸ்டர் ஊதிப் பார்த்து நன்று என்று சொன்ன அதே வாத்தியத்தைத்தான் வாங்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

வாங்கிய பிறகு ஒன்று. வீட்டுக் கீபோர்டோடு ஒப்பிட்டு, ‘ஸி ஊதினால் பி ஃப்ளாட் கேட்கிறதே’ என்று பதறாதீர்கள். வழக்கமான ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம். அது அப்படித்தான் ஒலிக்கும். பயிற்சி நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே சுரத்தை நீளமாக, நடுங்காமல் பிடிக்கட்டும். ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வும் எடுக்கட்டும். உதட்டில் வட்டத் தழும்பு ஆழமாக விழுந்தால் மவுத்பீஸை அழுத்தி ஊதுகிறாள் என்று பொருள். மாஸ்டரிடம் சொல்லுங்கள். பல்லுக்குக் கம்பி கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் முன்பு இணையத்தில் புதிய ட்ரம்பெட் வாங்கினேன். இரண்டாவது வால்வு அழுத்தினால் மேலே வருவதில்லை. ‘இசைக்கருவிகளைத் திரும்பப் பெறுவதில்லை’ என்கிறார் விற்பனையாளர். பணம் போனது போனதுதானா?
வாசகர், ஈரோடு

பதில்: போகவில்லை. ஆனால் சண்டைக்கு முன் ஒரு வேலை. புதிய வாத்தியத்தில் தொழிற்சாலைத் தூசும் பிசுக்கும் ஒட்டியிருப்பது உண்டு. வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கலந்து கழுவி, துடைத்து, வால்வு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ வேண்டாம். வால்வுகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். இடம் மாறினால் காற்றே போகாது.

அப்படியும் சிக்கினால் அது குறைபாடுள்ள பொருள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். குறைபாடுள்ளதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் சொல்கின்றன. உங்களுக்கு இன்னும் சில நாட்களே மிச்சம். வால்வு சிக்குவதைக் காணொளியாக எடுத்து, ரசீதோடு இன்றே எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் வசிக்கும் இடமே போதும், விற்பனையாளரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. வழக்குப் போடக் காலக்கெடு 2 ஆண்டுகள்.

கேள்வி: மகன் ஆறு மாதமாக ட்ரம்பெட் கற்கிறான். மேல் சுரங்கள் எளிதாக வரும் என்று விளம்பரம் செய்யும் 4,000 ரூபாய் மவுத்பீஸ் வாங்கலாமா?
வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். உதடு படும் கிண்ணம் ஆழம் குறைந்த மவுத்பீஸ் அது. உதடு தேர்ந்தவர்களுக்கு மேல் சுரத்தில் உதவும். உங்கள் மகனுக்கு நாதம் மெலிந்துபோகும். இப்போது இருப்பது, கற்றுக்கொள்பவர்களுக்கு வழக்கமாகத் தரும் 7ஸி அளவு என்றால் அதுவே தாராளம். ஒரு குப்பி வால்வு எண்ணெயும் மவுத்பீஸ் கழுவும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுங்கள்.