அத்தையின் நெகட்டிவ்

அன்புள்ள சார்,

வணக்கம். மதுரையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்காக நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு நிமிட ட்ரெய்லர் ஒன்று எடுக்கிறோம். முழுப்படம் கிடையாது, ட்ரெய்லர் மட்டும்தான். நம் சினிமாவில் கறுப்பான பெண் என்றால் நாயகியின் தோழி, வேலைக்காரி, இல்லையென்றால் கேலி செய்ய ஒரு ஆள். அதை உடைக்க வேண்டும் என்பதுதான் கரு. எங்கள் நாயகி கறுப்பு. வங்கி அதிகாரி. அவளை வைத்து ஒரு காதல் கதை.

நாயகிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி நாடகக் குழுவில் நன்றாக நடிப்பவள், ஆனால் நல்ல சிவப்பு. டஸ்கி மேக்கப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். இன்னொருத்தி எங்கள் ஜூனியர், கறுப்பு. களையான முகம், ஆனால் கூச்சப்படுகிறாள், கேமராவிலும் எடுபடவில்லை. மொபைலில் எடுத்துப் பார்த்தோம், முகமே தெரியவில்லை. நாயகியைத் தொந்தரவு செய்யும் ரவுடியாக எங்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன் நடிக்கிறார். ஆள் கறுத்து, பார்க்கவே கரடுமுரடாக இருப்பார்.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. மூன்று நாளைக்கு சோனி எஃப்எக்ஸ்3 கேமரா வாடகைக்கு எடுக்கலாமா, மொபைலே போதுமா? லைட் என்னென்ன வேண்டும்? வாய்ஸ் ஓவர் வைக்கலாமா? வெறும் ட்ரெய்லரை மட்டும் எடுப்பது சரியா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால்தான் கோவில்பட்டி வீட்டைக் காலி செய்தோம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பழுப்பு உறை கிடைத்தது. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு நெகட்டிவ். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். என் அத்தை. 1981இல், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுப்பதற்காக எடுத்த படம். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கன்னத்திலும் நெற்றியிலும் பென்சில் கோடுகள் மினுங்குகின்றன. அன்றிலிருந்து அந்த உறை என் மேசையில்தான் கிடக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ‘கேமராவிலும் எடுபடவில்லை’ என்ற உங்கள் வரியைப் படித்தேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பான பெண்ணுக்குக் கறுப்புச் சாயம் பூசி, கறுப்பான பெண்ணும் நாயகியாகலாம் என்று படம் காட்டப் போகிறீர்களா? எழுதும்போது உங்களுக்கே உறுத்தவில்லையா? நம் சினிமா இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருப்பது இதைத்தானே அம்மா. குடிசைப் பெண் வேடம் என்றால் வெளுத்த நடிகையைக் கூட்டிவந்து முகத்திலும் கையிலும் மாநிறம் பூசுவார்கள். டூயட் வந்ததும் சாயம் பாதி காணாமல் போயிருக்கும். அந்த ஜூனியர் பெண்ணிடம் என்ன சொல்வீர்கள்? ‘உன்னைப் பற்றித்தான் எடுக்கிறோம், ஆனால் நீ வேண்டாம்’ என்றா?

அடுத்தது அந்த வாட்ச்மேன். நாயகியின் நிறத்துக்காகச் சண்டை போடுகிற நீங்கள், ரவுடி என்றதும் யோசிக்காமல் கறுத்த ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள். அவர் ராத்திரியெல்லாம் உங்கள் வாசலில் உட்கார்ந்து உங்களைக் காக்கிறவர். அவரை நாயகியின் அப்பாவாக நடிக்கக் கேளுங்கள். மகள் பேங்கிலிருந்து வர நேரமானால் தெருமுனை வரை வந்து நிற்கிற அப்பா. ரவுடிக்கு உங்கள் ஆறு பேரில் நல்ல வெளுப்பாக, பார்க்க சாதுவாக இருக்கும் பையன் ஒருவன் கண்டிப்பாக இருப்பான். அவனைப் போடுங்கள். நாடகத்தில் நடிக்கும் பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். நன்றாக நடிப்பவள் என்றால் தோழி வேடத்தில் இன்னும் நன்றாக நடிப்பாள்.

இனி அந்த ‘எடுபடவில்லை’க்கு வருகிறேன். எப்படி எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வருவதற்கு முன்னால் ஆறு வருடம் கேமரா உதவியாளனாக இருந்தவன் நான், என்னால் ஊகிக்க முடிகிறது. பகலில், ஹாஸ்டல் வராந்தாவில், வெள்ளைச் சுவர் முன்னால் அவளை நிற்கவைத்து மொபைலை நீட்டியிருப்பீர்கள். கேமரா தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் சராசரியாக ஒரு நடுச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். சட்டகத்தில் முக்கால்வாசி வெள்ளைச் சுவர் என்றால் அதைச் சாம்பலாக்க எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அதில் முதலில் காணாமல் போவது அவள் முகம். தப்பு சுவரில் இருக்கிறது. நீங்கள் பழியைத் தூக்கி அவள் முகத்தின் மேல் போட்டுவிட்டீர்கள்.

கறுப்பு முகம் போட்டோவில் எடுபடாது என்பதை நான் முதன்முதலில் கேட்டது அந்த 1981இல், எங்கள் ஊர் ஸ்டுடியோவில். எனக்குப் பதினொரு வயது, அத்தைக்குத் துணையாக அனுப்பியிருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் அவள் முகத்தில் பவுடரை அப்பினார். கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அத்தை கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு நாள் கழித்துப் பிரிண்ட் வாங்கப் போனபோது வேலை முடிந்திருக்கவில்லை. ‘உள்ளே வந்து பாருடா’ என்றார்.

ஒரு சாய்வு மேசை, நடுவில் கண்ணாடி. கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் அத்தையின் நெகட்டிவ். ஏதோ பிசின் வாசனையுள்ள மருந்தை விரலால் தடவினார். பென்சிலின் முனையை விரல் நீளத்துக்கு ஊசி மாதிரி சீவி வைத்திருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அங்கே எந்த இடத்தைக் கறுக்க வைக்கிறோமோ அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். அத்தையைச் சிவப்பாக்குவதற்கு அவள் முகம் முழுக்கப் பென்சிலால் கறுப்படித்தார் அவர். நல்ல கைவேலைக்காரர், அதைச் சொல்லியாக வேண்டும். முக்கால் மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரிண்டில் இருந்தது வேறு யாரோ. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. அத்தை காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தார். அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ‘போட்டோல இருக்கிற பொண்ணு எங்க?’ என்று கேட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. தட்டில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, நல்ல மனிதர், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் யாராவது கேமராவை எடுத்தால் ‘நான் காபி போட்டுட்டு வரேன்’ என்று அடுக்களைக்குள் போய்விடுவாள். நாற்பது வருடத்துக் குடும்பப் படங்கள் எதிலும் அவள் முழுதாக இல்லை. ஒன்றில் தோள் மட்டும், இன்னொன்றில் வாசற்படியில் முதுகு.

வீட்டு அலமாரியில் ஒரு ஃபேர் அண்டு லவ்லி குழாய் எப்போதும் இருக்கும். 1975இல் சந்தைக்கு வந்த சாமான் அது. அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போவதற்கு 2020 வரை ஆனது.

கேமரா உதவியாளனாக இருந்தபோதும் அதே பேச்சைத்தான் கேட்டேன். ‘ஆர்ட்டிஸ்ட் கொஞ்சம் டல், லைட்டைக் கூட்டு’ என்பார்கள். அது ஏதோ இயற்கையின் விதி என்று நானும் நம்பினேன். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்த பிறகுதான் புரிந்தது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து போட்டோ லேப்களுக்கு, பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க, மாதிரிக்கென்று ஒரு படத்தை அனுப்பிவந்தது. வெளுத்த தோலுள்ள ஒரு பெண்ணின் படம். அந்தப் படத்துக்கு ‘ஷெர்லி’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்டில் எல்லாம் சரி. கறுப்புத் தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஒரே வகுப்புப் படத்தில் வெளுத்த பிள்ளைகளுக்கு முகம் இருக்கும், கறுத்த பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் இருக்கும். இதைச் சரிசெய்ய கோடாக்கை அசைத்தது கறுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் இல்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும்தான். பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை, வெளிர் மரமும் அடர் மரமும் ஒன்றாக வருகிறது என்று அவர்கள் புகார் செய்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1970களின் கடைசியில் மொசாம்பிக் போன பிரெஞ்சு இயக்குநர் கோதார், கோடாக் பிலிம் இனவாதம் பிடித்தது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்தார். அதை ஏதோ கிறுக்குத்தனம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

நீங்கள் நடிகர் தேர்வு ஒரு வேலை, கேமரா வாடகை இன்னொரு வேலை என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். யாருடைய முகம் என்று முடிவு செய்யுங்கள், எந்த லைட் வேண்டும் என்று அந்த முகமே சொல்லும். அந்த ஜூனியர் பெண்தான் நாயகி என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். வேறு யாரையாவது போடுவதாக இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

கறுத்த தோல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தரும். அதன் உருவத்தைக் காட்டுவது மேலே ஓடுகிற பளபளப்பு. அதனால் சின்ன லைட்டைச் சுள்ளென்று அடித்தால் நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை, மற்றதெல்லாம் இருட்டு. லைட்டின் பலத்தைக் கூட்டுவதை விட அகலத்தைக் கூட்டுங்கள். நல்ல அகலமான ஜன்னல் ஒன்றைப் பிடியுங்கள். வீட்டில் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை அதன் குறுக்கே கட்டுங்கள். அவளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மூன்றடி தள்ளி நிற்க வையுங்கள். கன்ன எலும்பில் ஒரு நீளமான ஒளிக்கோடு மெதுவாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். அந்தக் கோடு வந்துவிட்டால் முகம் வந்துவிட்டது. மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் ஒரு தெர்மாகோல் அட்டையைத் தூரத்தில் பிடியுங்கள். கிட்டே கொண்டுபோனால் முகம் தட்டையாகிவிடும்.

பவுடர் தொடவே கூடாது. சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து முகத்தில் ஒற்றிக்கொண்டால் போதும். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம், செங்கல்லோ, பச்சையோ, பழைய மரக்கதவோ இருக்கட்டும். மொபைலில் எடுத்தால் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, திரையில் அவள் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிக்கொள்ளுங்கள். காதலனாக நடிப்பவன் வெளுப்பு என்றால் இருவரும் சேர்ந்து வரும் ஷாட்டில் அவளை ஜன்னல் பக்கம் நிறுத்துங்கள். சீப்ரா என்று கேமராவில் ஒரு வசதி இருக்கும், நாம் வைத்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் திரையில் வரிவரியாகக் கோடு காட்டும். முகத்துக்கு அதை எழுபதில் வை என்று யாராவது அனுபவசாலி சொல்வார். அது வெளுத்த முகத்துக்கான கணக்கு. இவளை எழுபதுக்கு ஏற்றினால் அந்தப் பென்சில் வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

மற்றக் கேள்விகள். எஃப்எக்ஸ்3 இருட்டில் நன்றாக எடுக்கும், ராத்திரிக் காட்சி இருந்தால் ஒரே ஒரு நாளைக்கு எடுங்கள், மற்றதற்கு மொபைல் போதும். மிச்சமாகும் பணத்தில் இரண்டு காலர் மைக் வாடகைக்கு எடுங்கள், ஒலி மோசமாக இருந்தால் பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். டேக் போகும்போது ஃபேனை அணையுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, இல்லையென்றால் படம் படபடக்கும். வெறும் ட்ரெய்லர் எடுப்பதில் தப்பே இல்லை. வாய்ஸ் ஓவர் வேண்டாம். ‘நிறம் ஒரு தடையல்ல’ என்று எழுத்துப் போட்டால் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள். அவள் நோட்டு எண்ணட்டும், வாடிக்கையாளரிடம் எரிச்சல்படட்டும், பஸ்ஸில் தூங்கி வழியட்டும், காதலிக்கட்டும்.

அவள் கூச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தன் முகம் திரையில் நன்றாக வருவதை அவள் இதுவரை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டாள். முதல் நாள் நடிப்பு எதுவும் கேட்காதீர்கள். அந்த வேட்டி கட்டிய ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு முழம் மல்லிகையைக் கையில் கொடுத்துப் பேசிக்கொண்டே எடுங்கள். எடுத்ததை அவளிடம் காட்டுங்கள். அவள் அதைப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் நின்று சிரிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறேன். பென்சில் வேலையை டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். பாட்டிலும் பஞ்சும் வாங்கி வைத்திருக்கிறேன். அவளைக் கேட்காமல் தொடமாட்டேன். அதற்குள் உங்கள் டெஸ்ட் ஷாட்டை அனுப்பினால் அவளிடம் காட்டுவேன்.