டெட்லிஃப்டுக்குப் பிறகு களைப்பது நரம்பா, தசையா?

தரையில் கிடக்கும் பாரத்தை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சியை 120 கிலோவில் செய்து இரண்டு நாளாகியும் 100 கிலோ அசையவில்லை, நரம்பு மண்டலம் களைத்துவிட்டதா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் இல்லை. மூளையும் முண்ணாணும் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) தசைக்கு அனுப்பும் கட்டளை தளர்வதுதான் நரம்புக் களைப்பு. பாரம் தூக்கியதால் வரும் தளர்ச்சி அநேகமாக அன்றைக்கே சரியாகிவிடும். நாட்கணக்கில் இழுபடுவது தசை நார்ச் சேதம்: கட்டளை ஒழுங்காக வந்தாலும், உள்ளே கால்சியம் போதியளவு வெளிவராததால் தசை முழுதாக இறுகாது. ஜிம்மில் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்!

ஆனால் மட்டக்களப்பில் கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே உடல் கொதித்தால் அந்த வெக்கையே கட்டளையைத் தளர்த்தும். நித்திரையும் கெட்டால் சொல்லவே வேண்டாம். பயிற்சிக்கு முன் உடலைச் சூடேற்றும்போது 60 கிலோவே கனத்தால், அன்று பாரத்தைக் குறையுங்கள்.